கால்வாய்க்கரை ஜுரம்

செஞ்சி என்று சொன்ன மாத்திரத்தில் வெளியூர் மக்களின் மனக்கண்முன் ராஜகிரியும், கிருஷ்ணகிரியும், 1714 இல் ஆற்காட்டு நவாபின் சேனையை எதிர்த்து மடிந்த தேசிங்கு ராஜனும் வந்து நிற்பது இயல்பு. ஆனால் அந்தக் கோட்டைக்குத் தெற்கே, மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் நெல்லும் கரும்பும் விளையும் அனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அச்சீமையை நினைக்கும்தோறும் முதலில் தோன்றுவது ஐப்பசி கார்த்திகை அடைமழையும், மழை விட்ட பின் வீட்டுக்கு ஒருவரையாவது பாயில் கிடத்திவிடும் ஜுரமுமே ஆகும்.

திருவண்ணாமலைப் பக்கத்துத் துரிஞ்சலாற்றில் புறப்பட்டுப் பல கிராமங்களைக் கடந்து பனமலை ஏரியில் போய் முடிகிற நந்தன் கால்வாயின் கரைகளில், மழைக்குப் பிறகு காரையும் சூரையும் கோரையும் இடுப்பளவு மண்டிக்கிடக்கும். அந்தப் புதர்களுக்குள் அரிவாளோடு இறங்கி மாட்டுக்குப் புல் அறுத்து வருவது எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு நித்திய கர்மம் போன்றது. ஜுரம் கண்டால் மிளகுக் கஷாயமும் பட்டினியும் முதல் சிகிச்சை. அதற்கும் அடங்காவிட்டால் ஓர் ஊசி. அதற்கும் அடங்காதபோதுதான் செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ வண்டி கட்டுவார்கள். ஜுரத்தின் கடுமையை எங்கள் பெரியவர்கள் உடம்பின் சூட்டைக் கொண்டே நிதானித்தார்கள். சூடு ஏறினால் அபாயம், இறங்கினால் க்ஷேமம் என்ற அந்த நிதானம் பெரும்பாலும் பலித்தும் வந்தது. அது பலிக்காத இரண்டு வியாதிகளை நான் அருகிருந்து கண்டேன்.

முதலாவது, 1950-களின் பிற்பகுதியில், நான் பள்ளியில் சேர்ந்த புதிதில் நேர்ந்தது. என் தந்தையின் இளைய சகோதரியாகிய அத்தை தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் தெருவில் பாதிப்பேரைப் பூமிக்கு இறக்கிய மருத்துவச்சி ஒருத்தியின் கையில் ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. வீடெங்கும் கருப்பட்டிக் காயத்தின் மணம் நிறைந்தது. சில தினங்களில் அத்தைக்குக் குளிர் நடுக்கம் கண்டு உடம்பு அனலாய்க் கொதித்தது. அடிவயிற்றைத் தொடவொட்டாமல் வேதனைப்பட்டாள். பிறகு பேச்சுத் தடுமாறி, எதிரில் நின்ற என் தாயாரை யார் என்று கேட்கலானாள். பிரசவ ஜன்னி என்று பெரியவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வைத்தியர் கஸ்தூரி மாத்திரையைத் தேனில் இழைத்து நாவில் தடவினார். மறுநாள் விடியற்காலை அவளது உடம்பின் கொதிப்பு அடங்கி, கைகால்கள் சில்லிட்டிருந்தன. ஜுரம் விட்டுவிட்டது என்று பாட்டி கற்பூரம் ஏற்றினாள். செஞ்சிக்குச் செல்லப் பூட்டியிருந்த வண்டியின் மாடுகளை அவிழ்த்துக் கட்டச் சொன்னார்கள். அன்று பொழுது உச்சிக்கு வருமுன் அத்தை போய்விட்டாள். அந்தக் குழந்தையை என் தாயார் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தாள் என்பதும், சூடு இறங்கிய உடம்பைத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்த தன் கையைப் பாட்டி வெகுகாலம் வரை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள் என்பதும் இங்கே சொல்லத்தக்கவை.

பிற்காலத்தில் ஆசிரியப் பணியில் அமர்ந்து, புஸ்தகங்களைத் தேடிப் படிக்கும் வாய்ப்பு வந்தபோது, அத்தையைக் கொண்டுசென்ற அந்த வியாதியின் சரித்திரத்தை நான் விடாமல் படித்தேன். வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில், பிரேத பரிசோதனை செய்த கையோடு பிரசவ அறைக்குள் வந்த வைத்தியர்களாலேயே தாய்மார்களுக்கு இந்நோய் தொற்றுகிறது என்று 1847 இல் கண்டுபிடித்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும் வழக்கத்தைக் கட்டாயமாக்கினார் செம்மல்வைஸ் என்ற வைத்தியர். 1846 இல் அவரது பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். 1848 இல் அது நூற்றுக்கு ஏறத்தாழ 1 ஆகக் குறைந்தது. அவ்வளவு தெளிவான பலனைக் கண்ட பிறகும் சக வைத்தியர்கள் அவரை ஏற்கவில்லை. 1865 இல், மனநோய் விடுதியில், புண்ணின் வழியாக ரத்தத்தில் பரவிய கிருமியால், எந்த வியாதியோடு போராடினாரோ அதே வகை வியாதிக்கே அவரும் இரையானார். 1936 இல் லண்டனில் கோல்புரூக் என்பவர் பிரசவ ஜன்னிக்கு சல்பா வர்க்கத்து மருந்தைப் பிரயோகித்து மரணங்களைக் குறைத்துக் காட்டினார். அதற்குப் பின் பெனிசிலின் வந்தது. 1955 இல் நமது நாட்டிலேயே, புனாவை அடுத்த பிம்பிரியில், அரசாங்கத் தொழிற்சாலை அதைத் தயாரிக்கத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் போன்றோர் பிரசவ சாஸ்திரத்தைச் செம்மையுறக் கற்பித்து, நாடெங்கும் மாணாக்கர் பயின்ற பாடநூலையும் இயற்றியிருந்தார்கள். அறிவும் இருந்தது, ஔஷதமும் இருந்தது. இரண்டும் அனந்தபுரத்துத் தெருவுக்குள் வந்து சேரவில்லை என்பதே என் நெஞ்சை இன்றளவும் அறுக்கும் விஷயம்.

இரண்டாவது வியாதி என் தம்பியினுடையது. 2019 இல் ஐப்பசி மழை ஓய்ந்திருந்த சமயம். பயிர்த்தொழிலை விடாமல் செய்துவந்த அவன், தலைவலியும் உடம்புவலியும் சேர்ந்த ஜுரத்தில் படுத்தான். பக்கத்திலிருந்த ஒரு தனியார் கிளினிக்கில் தினம் ஓர் ஊசியும் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஏற்றினார்கள். ஊசி போட்ட சில மணி நேரம் வியர்த்து ஜுரம் தணியும், மாலையில் மறுபடியும் ஏறும். சட்டையை அவிழ்த்துப் பார்த்தவர் அங்கே ஒருவருமில்லை. ஒரு வாரம் ஆகுமுன் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். நான் போய் அருகில் உட்கார்ந்தபோது, “அண்ணா, மல்லாட்டை எல்லாம் வெளியில காயுது, மழை வருதே, யாரும் அள்ளலையா?” என்றான். மல்லாட்டை அறுவடையாகி மாதங்கள் கழிந்திருந்தன. அவன் கையைப் பற்றினேன், சில்லென்றிருந்தது. “ஜுரம் இறங்கிடுச்சு மாமா, காலையிலேர்ந்து உடம்பு சுடவே இல்லை” என்று அவன் மனைவி நம்பிக்கையோடு சொன்ன அந்தக் கணத்தில், கற்பூரத் தட்டோடு நின்ற பாட்டியின் முகம் என் எதிரில் தோன்ற, நான் வேறொன்றும் யோசியாமல் 108 ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னேன்.

2008 முதல் தமிழகமெங்கும் ஓடுகின்ற அந்த வண்டியை நான் எங்கே கண்டாலும் மனத்தால் வணங்குவது வழக்கம். வண்டியில் வந்த பணியாளர் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மேல் அளவு 80-ஐத் தாண்டவில்லை. சுவாசத்தை எண்ணினார், நிமிஷத்துக்கு 30-க்கும் மேல். பிராணவாயு முகமூடியைப் பொருத்தி, சலைன் ஏற்றத் தொடங்கி, முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கிவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டே வண்டியைக் கிளப்பினார். அங்கே அவசரப் பிரிவில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். அவர் செய்த முதல் காரியம் தம்பியின் சட்டையையும் வேட்டியையும் களையச் சொல்லி, தலைமுடி முதல் பாதம் வரை விளக்கொளியில் பார்த்ததுதான். இடுப்பில், அரைஞாண் கயிற்றின் அடியில், பீடிநெருப்பால் சுட்டாற்போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் அவனே அதை அறிந்திருக்கவில்லை. “ஐயா, இவர் புதர்ப்பக்கம் போவாரா?” என்று கேட்டார். கால்வாய்க்கரையில் புல் அறுப்பான் என்றேன். “ஸ்க்ரப் டைபஸ். அதுல செப்சிஸ் ஆகியிருக்கு. ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது” என்றவர், பேசிக்கொண்டே கை வேலையைத் தொடர்ந்தார்.

புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் உண்ணி இனப் பூச்சியின், கண்ணுக்குப் புலப்படாத இளங்குஞ்சு கடிப்பதால் உடம்பினுள் புகும் கிருமி அது. ஆடை இறுகிய இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மறைவிடங்களையே அக்குஞ்சு நாடும். ரத்தக்குழாய்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்குள் நுழைந்து குடியேறுவது அக்கிருமியின் சுபாவம் ஆகையால், பெனிசிலின் குடும்பத்து ஊசிகள் எத்தனை போட்டாலும் அதனிடம் பலிப்பதில்லை. டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் முதலியவையே பலிக்கும். செப்சிஸ் என்பதோ அந்த ஒரு கிருமிக்கு மாத்திரம் உரியதன்று. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை வியாதிக்காரரின் கால்புண், வெடித்த குடல்வால், பிரசவம் என எந்த வாசலின் வழியாகவும் அது வரலாம். கிருமி ரத்தத்தில் கலந்து விஷமாகிக் கொல்கிறது என்றே நெடுங்காலம் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். நமது தேகம் கிருமியை எதிர்க்கத் திரட்டும் ஆயுதங்களே கிருமியைக் காட்டிலும் நமக்கு அதிகக் கேடு விளைவிக்கக்கூடியவை என்று லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972 இல் எழுதினார். 2016 இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த இலக்கணமும், தொற்றை எதிர்க்கையில் உடம்பின் தற்காப்பு கட்டுக்கடங்காமல் போய்த் தன் அவயவங்களையே சிதைத்து உயிருக்கு ஆபத்தாக முடியும் நிலை என்றே அதைக் கூறுகிறது.

அந்த இளம் டாக்டர், மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று இதை எனக்கு விளக்கியபோது, எங்கள் கால்வாயையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். கரை நெடுகக் கசிந்து, மண்மேடிட்டு, ஆங்காங்கே அகன்று பரந்துவிட்ட வாய்க்காலில் தலைமடையில் தண்ணீர் விட்டாலும் கடைமடை வயல் காய்வது போல, இந்த வியாதியில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்து கசிகின்றன, நுண்குழாய்களில் சிறுசிறு ரத்தக்கட்டிகள் அடைக்கின்றன. ஆகவே இதயம் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கைகால்களுக்கும் ரத்தம் போதாமற்போகிறது என்றார். தம்பியின் பிதற்றலும், சிறுநீர் நின்றதும், கை சில்லிட்டதும் எல்லாம் ஒரே காரணத்தின் காரியங்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தையின் உடம்பு குளிர்ந்ததன் அர்த்தமும், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வாசலில்தான் விளங்கிற்று. செப்சிஸ் முற்றியவர்களில் சிலருக்கு ஜுரம் ஏறாமல் உடம்பின் வெப்பம் இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்குவது அதிக ஆபத்தின் குறி.

சிகிச்சையின் வரிசை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மருந்து போடுமுன் கிருமியை வளர்த்துக் கண்டறிய ரத்தத்தை எடுத்தார்கள். திசுக்கள் பட்டினி கிடப்பதைக் காட்டும் லாக்டேட் அளவைப் பார்த்தார்கள். ரத்தம் எடுத்த கையோடு, பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், பல கிருமிகளையும் தாக்கும் ஊசிமருந்தை நரம்பில் செலுத்தி, மூக்கின் வழியே இரைப்பைக்கு விட்ட குழாயில் டாக்ஸிசைக்ளினையும் கொடுத்தார்கள். அந்த அவசரத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ரத்த அழுத்தம் விழுந்த பிறகு தக்க மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக நூற்றுக்கு 7.6 பங்கு குறைகிறது என்று கனடாவில் ஆனந்த் குமார் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2006 இல் கண்டு எழுதினார்கள். அடுத்தது திரவம். எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லி வீதம் முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். ஆனால் எங்கள் டாக்டர் பாட்டிலைத் திறந்துவிட்டு அகன்றுவிடவில்லை. சிறிது ஏற்றுவார், மார்பில் குழலை வைத்துக் கேட்பார், நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்பும் நேரத்தைக் கவனிப்பார், மறுபடியும் சிறிது ஏற்றுவார். கசிகின்ற குழாய்களில் அளவு மீறி ஏற்றினால் அது நுரையீரலில் போய்த் தேங்கிவிடும். இதில் எனக்கு ஆச்சரியம் அளித்த செய்தி ஒன்று உண்டு. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடும் ஜுரத்தோடு வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளே அதிகமாக மாண்டார்கள் என்று 2011 இல் வெளியாயிற்று. எல்லோரும் நன்மை என்று நம்பிச் செய்ததையே சோதித்துப் பார்க்கத் துணிந்த அந்த வைத்தியர்களின் நேர்மைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

திரவத்தால் மாத்திரம் அழுத்தம் நிமிரவில்லை. தளர்ந்த குழாய்களை இறுக்கும் நார் அட்ரினலினைச் சிறு யந்திரம் ஒன்றின் மூலம் சொட்டுச் சொட்டாகச் செலுத்தி, சராசரி அழுத்தம் 65-க்குக் குறையாதபடி இரவு முழுவதும் ஏற்றியும் இறக்கியும் காத்தார்கள். நர்சுகள் மணிக்கொருதரம் சிறுநீரை அளந்து குறித்தார்கள். ரத்தத் தட்டுகள் குறைந்தன, கண்கள் மஞ்சளித்தன, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று எங்களிடம் சொல்லியும் வைத்தார்கள், பிறகு அது தேவைப்படவில்லை. சிறுநீர்ப் பையில் முதல்முதலாகக் கொஞ்சம் மஞ்சள் நீர் சேர்ந்ததைக் காட்ட ஒரு நர்ஸ் அம்மாள் என்னைக் கண்ணாடிக் கதவருகே அழைத்தபோது அவர் முகத்தில் இருந்த பிரகாசத்தை நான் மறக்க இயலாது.

2017 என்ற ஓராண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேரை செப்சிஸ் தாக்கியது என்றும், அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் ஒரு பெரிய ஆய்வு கணித்திருக்கிறது. உலகில் நேர்ந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று அது. அதே 2017 மே மாதத்தில் உலக சுகாதார சபை இதைத் தனிக் கவனத்துக்குரிய வியாதியாகத் தீர்மானம் இயற்றியது. இத்தனைக்கும், மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடத் தெரிந்த நம் ஜனங்களுக்கு, ஜுரத்தோடு மூச்சு வாங்கினால், பேச்சுக் குழறினால், நீர் பிரியாவிட்டால், கைகால் சில்லிட்டால் அதே வேகத்தில் ஓட வேண்டும் என்று யாரும் உரக்கச் சொல்லவில்லையே என்பது எனது தீராத ஆதங்கம்.

தம்பி நடந்து வீடு திரும்பினான்; ஆனால் திரும்பி வந்த உடனே பழைய மனிதனாகிவிடவில்லை. தொடைகள் மெலிந்து, மாடிப்படி ஏறச் சுவரைப் பிடித்தான். தலைமயிர் கற்றையாக உதிர்ந்தது. அந்தத் தீவிர சிகிச்சை அறையில் தன்னை யாரோ கயிற்றால் கட்டிக் கிணற்றில் இறக்கியதாகக் கனாக் கண்டு நள்ளிரவில் கத்துவான். வரவு செலவு எழுதிய நோட்டைப் பார்த்துக்கொண்டே எதை எழுத வந்தோம் என்று மறந்து விழிப்பான். இவையெல்லாம் செப்சிஸிலிருந்து பிழைத்தவர்கள் பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் உபத்திரவங்கள் என்றும், பைத்தியம் என்றோ சோம்பல் என்றோ வீட்டார் தவறாக எண்ணக் கூடாது என்றும், சத்தான ஆகாரமும் சிறுகச் சிறுக நடையும் வேண்டும் என்றும், மறுபடியும் ஜுரம் வந்தால் முதல் நாளே வரவேண்டும் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் மனைவி அந்த வார்த்தைகளை எழுத்தெண்ணிக் காத்தாள். மறு வருஷத்துச் சித்திரையில்தான் அவன் தனியாக ஏர்க்காலைத் தொட்டான்.

தெளிந்த பிறகு அவன் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அந்த மாத்திரையை முதல் ரெண்டு மூணு நாள்லயே குடுத்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்குமா, ண்ணா?” பெரும்பாலும் போயிருக்காது என்று நான் உண்மையையே சொன்னேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரை அது. அதற்குப் பின், 2023 இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் நம் நாட்டு மருத்துவமனைகள் ஏழில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. கடுமையான ஸ்க்ரப் டைபஸில் டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்ற இரண்டையும் ஒருசேர நரம்பின் வழியே செலுத்தினால், தனித்தனியாகச் செலுத்துவதைவிட மேலான பலன் கிடைக்கிறது என்று அதில் நிரூபித்தார்கள். மரணமோ, ஒரு வாரத்துக்குப் பிறகும் நீங்காத அவயவக் கோளாறோ, ஐந்தாம் நாளிலும் விடாத ஜுரமோ நேர்ந்தவர்கள் இரண்டையும் பெற்றோரில் நூற்றுக்கு 33 பேர். ஒன்றை மட்டும் பெற்றோரில் 47, 48 பேர். நம் பக்கத்து ஏழை விவசாயிகளின் வியாதிக்கு நம் பக்கத்து மருத்துவர்களே மருந்தின் முறையைக் கண்டு உலகத்துக்குச் சொன்னது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

சென்ற மழைக்காலத்தில், எதிர்வீட்டில் கல்லூரிக்குப் போகும் பையன் ஜுரத்தில் படுத்தான். விஷயம் காதில் விழுந்ததும் தம்பி தடியை ஊன்றிக்கொண்டு போய், அவன் நாணிக் கோணியதைப் பொருட்படுத்தாமல் சட்டையைக் கழற்றச் சொல்லி, அக்குளில் கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்துவிட்டான். மூச்சை எண்ணினான், நீர் போயிற்றா என்று விசாரித்தான், கையைத் தொட்டுப் பார்த்தான். யாவும் சரியாகவே இருந்தன. ஆனாலும் அன்று மாலைக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவனே உடன் அழைத்துச் சென்று, “இங்க பாருங்க டாக்டர்” என்று அந்தப் பொருக்கைக் காட்டினான். மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு நாளில் ஜுரம் விட்டது, அடுத்த வாரம் பையன் விழுப்புரம் பஸ்ஸில் வழக்கம்போலத் தொங்கிக்கொண்டு போனான் என்று தம்பிதான் வந்து, சற்றுக் கோபத்தோடு, என்னிடம் சொன்னான்.